பத்தாவது குழாய்

வெண்கரைக் குளிர்கால முகாம், தென்துருவக் கடலோரம்
பணிக்குறிப்பு எழுதுபவர்: தில்லைநாயகி, உயிரணு ஆய்வாளர்

மே 27, காலை 8.10. வெளியே மைனஸ் 31. குளிர்த்தொட்டி மைனஸ் 5.

ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது. சூரியன் போய்விட்டது, இனி ஆகஸ்டில்தான் வரும். முகாமில் நாங்கள் இரண்டே பேர்: நானும், முக்குளிப்பவரான ஸ்டனிஸ் பர்னாந்தும். விமானம் அக்டோபரில்.

இதை மேலதிகாரி யாராவது படிப்பார் என்பதால் எங்கள் வேலையை ஒருமுறை விளக்கிவிடுகிறேன், பிறகு கேட்டு உயிரை வாங்கக்கூடாது. இங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி. உப்பு இருப்பதால் அது உறையவில்லை. ஆனால் அதில் வாழும் மீனின் ரத்தத்தில் அவ்வளவு உப்பு கிடையாது, நியாயமாக அது உறைந்து சாக வேண்டும். சாகவில்லை. ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. பனித்துகள் பிறந்த உடனே அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த உறைதடுப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து, உயிரணுக்களோடு கலந்து, உறையாமலே மைனஸ் ஐந்தில் வைத்திருக்கிறோம்.

நான் பதினெட்டு வருடம் காளைப் பண்ணையில் விந்து சேமிப்பு வேலை பார்த்தவள். நைட்ரஜன் லாரி இரண்டு நாள் வராவிட்டால் ஒரு தாலுகாவின் சினை ஊசி முழுக்கப் பாழ். இந்த மீன் புரதம் கைகொடுத்தால் சாதாரண குளிர்பெட்டி போதும். அதற்காகத்தான் ஐம்பத்தொரு வயதில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டனிஸ் இன்று பனித்துளை வழியாக இறங்கி ஏழு மீன் கொண்டுவந்தார். தூத்துக்குடிக்காரர், வாய் சும்மா இருக்காது. தண்ணீருக்கடியிலிருந்து கம்பி வழியாகப் பேசியது:

"மேடம், ஊர்ல என்ன வேலைன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஐஸுக்கு அடியில மீன் புடிச்சு மாட்டுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கேன்னா சொல்ல?"

மாட்டு விந்தணுக்கள் இன்னும் நீந்துகின்றன. எல்லாம் நலம்.

ஜூன் 9, மதியம் 2.40. வெளியே மைனஸ் 36.

ஸ்டனிஸ் இறந்துவிட்டார்.

முக்குளிப்பு மூச்சுக்கருவியின் வால்வு உறைந்துவிட்டது. தானே மேலே வந்துவிட்டார். துளையின் விளிம்பைப் பிடித்தார், என் கையையும் பிடித்தார், அதோடு சரி. மார்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். என் தோள் மரத்துப்போகும்வரை அழுத்தினேன். செயற்கைக்கோள் தொலைபேசியில் சென்னைக்குத் தெரிவித்தாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் வேலாயுதம் இருந்தார். அவர் அழுததுதான் முதலில் கேட்டது. நான் இன்னும் அழவில்லை.

ஜூன் 9, மாலை 6.15

ஸ்டனிஸின் மனைவி ஜெசிந்தாவை வேலாயுதம் இணைப்பில் தந்தார். கல்யாணமாகி ஏழு மாதம். ஒப்பாரியைக் கேட்கத் தயாராக இருந்தேன். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, அழறதுக்கு எனக்கு ஆயுசு பூரா கெடக்கு. இப்ப ஒண்ணு கேக்கேன். ஒங்ககிட்ட அந்த மீன் மருந்து இருக்குல்லா? அவியள்ட்ட இருந்து எடுத்து வைக்க முடியுமா? நான் புள்ளையில்லாதவிய வார ஆஸ்பத்திரிலதான் நர்ஸா இருக்கேன். ஒரு நாளைக்குள்ள எடுத்தா உயிரு இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்கு அவிய புள்ள வேணும்க்கா."

பிறகு வேலாயுதம்:

"மேடம், நானும் லைன்ல கேட்டுட்டுதான் இருந்தேன். ரூல்ஸ்ல இதுக்கு இடமும் இல்ல, தடையும் இல்ல. செய்யறதுன்னா செய்யுங்க. லாக் புக்ல மட்டும் எழுதாதீங்க."

எழுதிவிட்டேன். நடந்ததை எழுதாமல் விடுவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

ஜூன் 10, காலை 5.00. குளிர்த்தொட்டி மைனஸ் 5.

எடுத்தாகிவிட்டது. காளைகளிடம் செய்து பழகிய வேலைதான். முடித்துக் கையுறையைக் கழற்றினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரைக் கேட்காமல் செய்த காரியம் இது.

பத்துக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் புரதம் கலந்தாயிற்று. மிச்சத் துளியை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன, ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல. அப்போதுதான் அழுதேன்.

உடலைத் தார்ப்பாயில் சுற்றிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கல்லாகிவிட்டார், இந்தப் பக்கம் நீந்திக்கொண்டிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு தட்டு எடுக்கிறது கை.

ஜூலை 9, காலை 10.30

மோசமான நாள். வரிசையாக எழுதுகிறேன்.

இன்று முப்பதாம் நாள். நேற்றே ஜெசிந்தா சொல்லியிருந்தாள்:

"நாளைக்கு அவியளுக்கு முப்பது பூசை அக்கா. கோயில்ல சொல்லிருக்கு. அங்க அவிய பக்கத்துல ஒங்களத் தவிர யாருமில்ல. ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு ஜெபம் சொல்லிருங்க."

எனக்கு அவர்கள் ஜெபம் தெரியாது. எனக்குத் தெரிந்தது திருநீறு. கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் இட்டேன். குளிர்த்தொட்டியின் மூடிக்கும் மூன்று விரலால் பட்டை போட்டேன். பண்ணையில் ஆயுத பூஜைக்கு நைட்ரஜன் தொட்டிகளுக்கெல்லாம் விபூதி, சந்தனம், குங்குமம் வைத்துப் பழகிய கை. யோசிக்கவே இல்லை.

பிறகு மூடியைத் திறந்து, வாராவாரம் செய்வதுபோல் குழாய்களுக்குப் புதுப் புரதம் சேர்த்தேன். ஒன்பது முடித்தேன். பத்தாவதைக் கையில் எடுக்கும்போது தொலைபேசி அடித்தது. ஜெசிந்தா, பூசை முடிந்துவிட்டது என்று சொல்ல. பேசிவிட்டு வந்தேன். முதல் குழாய் வெள்ளையாக இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது, வாயிலிருந்து அடிவரை ஒரே நொடியில் வெளுத்தது. பிறகு நான்காவது. பிறகு மற்றவை.

நைட்ரஜன் தொட்டியில் எல்லாம் முன்பே உறைந்தது, அங்கே சாம்பல் விழுந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கிற நீர். அது உறைவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு தூசு போதும்; என் விரலிலும் மூடியிலும் திருநீறு இருந்தது. புரதம் சின்னத் துகள்களைத்தான் அடக்கும். மீறி வளர்ந்துவிட்டால் அதே புரதம் பனியை ஊசி ஊசியாக நீளவைக்கும். ஒன்பதையும் இளக்கிப் பார்த்தேன். குத்துப்பட்டு எல்லாம் செத்துக் கிடந்தன.

இதை ஒரு கல்லூரி மாணவி செய்திருந்தால் அவளை நான் வெளியே அனுப்பியிருப்பேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டேன், நெற்றி வீங்கியிருக்கிறது.

பத்தாவது தெளிவாக இருக்கிறது. அதை இனித் திறக்க மாட்டேன். உயிர் இருக்கிறதா என்று பார்க்கவும் மாட்டேன்.

ஜூலை 10, காலை 9.00

ஜெசிந்தாவிடம் சொன்னேன். மறைக்கவில்லை.

"துந்நூறாக்கா?"

ஆமாம், திருநீறுதான் என்றேன்.

"நீங்க நல்லதுன்னு நெனச்சுதான செஞ்சிய. அழாதிய. ஒண்ணு இருக்குல்லா? எனக்கு ஒண்ணு போதும்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 3, காலை 11.00. வெளியே மைனஸ் 43. அறைக்குள் மைனஸ் 9, இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஜெனரேட்டர் நின்றுவிட்டது. தண்டு முறிந்திருக்கிறது. மாற்றுத் தண்டு இங்கே இல்லை. சென்னை சொல்வது இதுதான்:

"மேடம், அந்த இருட்டுல, அந்தக் குளிர்ல விமானத்த எறக்க முடியாது. அக்டோபர்தான். பெரிய குடிசைய விட்டு நகராதீங்க. மண்ணெண்ணெய் அடுப்ப சிக்கனமா எரிச்சா தாங்கும். கணக்கு போட்டுட்டோம்."

அவர்கள் கணக்கில் குழாய் இல்லை. தொட்டிக்கு மின்சாரம் இல்லை. மைனஸ் ஐந்தில் தெளிவாக நின்றது மைனஸ் பதினைந்தில் நிற்காது. பனிப்பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொருளைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று மண்டையைக் குடைந்தேன்.

கடல்தான் விடை. பனிக்கு அடியில் கோடையும் குளிரும் மைனஸ் 1.9 தான். குழாயை ஒரு உலோக உறையில் போட்டு, கயிறு கட்டி, ஸ்டனிஸ் இறங்கிய துளை வழியாக இறக்கிவிட்டேன். இனி அது மீன்களோடு இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, காலை 9.20. வெளியே மைனஸ் 40.

துளையின் மேல் இருப்பது பலகைக் குடிசை, காற்று புகும். பெரிய குடிசையை விட்டுவிட்டு அடுப்போடு இங்கே வந்துவிட்டேன். வேறு வழி இல்லை. இந்தக் கடலில் தொங்குகிற எதன் மேலும் பனி முளைக்கிறது, வாழைப்பூ மடல் கணக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக. விட்டுவிட்டால் அந்தப் பனியே மிதந்து கயிற்றை மேலே தூக்கிக்கொண்டுபோய்க் கடலின் பனிக்கூரையோடு ஒட்டிவிடும். சில மணிக்கொருமுறை கயிற்றை ஏற்றித் தட்டிவிட வேண்டும். துளையும் உறையாமல் அடுப்பு எரிய வேண்டும்.

வேலாயுதத்திடம் சொல்லவில்லை. பெரிய குடிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே இப்படி எரித்தால் மண்ணெண்ணெய் அக்டோபர் வரை வராது. எனக்கும் கணக்கு தெரியும்.

கீழே சீல்கள் கூவுகின்றன. விசில் மாதிரி ஆரம்பித்து, ஆள் முனகுகிற மாதிரி முடியும். சீல்தான். தெரியும்.

ஆகஸ்ட் 20, மதியம் 1.00

ஜெசிந்தா:

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. அவிய தெனமும் வாராவ. கனவுன்னு சொல்லாதிய, நானும் அப்பிடித்தான் நெனச்சேன். நனஞ்சுபோயி கட்டில் ஓரத்துல வந்து ஒக்காருதாவ. குளிருது ஜெசி, குளிருதுங்காவ. மேல ஏறவும் முடியல, போகவும் முடியலங்காவ. நான்தான அக்கா புடிச்சு வச்சிருக்கேன்? எனக்குப் புள்ள வேணாம். விட்டுருங்க. கடல்லயே விட்டுருங்க. கடல்ல பொறந்து வளந்தவிய."

கோபம் வந்தது. என் அடுப்பை, என் விரல்களை இதற்காக எரித்துக்கொண்டிருக்கிறேன், இவள் கனவு கண்டு வேண்டாம் என்கிறாள். அதைக் காட்டிக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல் என்றேன்.

"ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன்."

ஆகஸ்ட் 23, மதியம் 12.10. சூரியன் வந்தது.

தொடுவானத்தில் ஒரு விரல் அளவு. அவள் நேற்றும் கேட்டாள். கணவன் அவளுடையவன், பிள்ளை அவளுடையது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கோபம் தணிந்தபின் எனக்கே அது புரிந்தது. வெயிலிலேயே ஊற்றிவிடுவோம் என்று கயிற்றை இழுத்தேன்.

குழாய் தெளிவாக இருந்தது. மூடியைத் திறந்தேன். ஊற்றப் போவதுதானே என்று தூசியைப் பற்றிக் கவலைப்படவில்லை. எழுபத்து நான்கு நாள் என்ன ஆயிற்று என்று அறிந்துகொள்ளாமல் ஊற்ற மட்டும் மனம் வரவில்லை. ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, உள்ளங்கையால் சூடேற்றி, நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியைச் சூரியன் பக்கம் திருப்பினேன்.

ஓடுகின்றன. முக்கால்வாசிக்கு மேல். ஜூன் பத்தாம் தேதி பார்த்த அதே ஓட்டம்.

உலகத்தில் யாரும் இதைச் செய்ததில்லை. அதற்காக நான் குதித்திருக்க வேண்டும். துளைக்கு மேல் குழாயைச் சாய்த்துப் பிடித்தேன். சாய்த்தேன், நிமிர்த்தினேன். மூன்று முறை. என் வேலை முழுக்க உயிரைக் கெடாமல் வைப்பது. இருக்கிற உயிரைக் கொட்ட இந்தக் கைக்குத் தெரியவில்லை.

மூடிவிட்டு மறுபடி கடலுக்குள் இறக்கினேன்.

ஆகஸ்ட் 23, மதியம் 2.00

ஜெசிந்தாவை அழைத்தேன். கடலில் விட்டுவிட்டேன் என்றேன். அவள் அழுதாள். ஒன்பது போனதைச் சொன்னபோதுகூட அழாதவள்.

ஆகஸ்ட் 30, காலை 10.00

"அக்கா, தூங்கிட்டேன். ஒரு வாரமா நல்லாத் தூங்குதேன். நீங்க விட்ட அன்னைக்கே அவிய வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல. போயிட்டாவக்கா. ஒங்க கைக்குப் புண்ணியம். இனிமே ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

ஆக, கனவு அவள் மனதில்தான் இருந்தது. குழாய் இங்கேயேதான் இருக்கிறது, அங்கே கனவு நின்றுவிட்டது. இதைவிடச் சுத்தமான நிரூபணம் கிடையாது.

எழுதிவைக்கிறேன், நிரூபணம் என்பதால்.

செப்டம்பர் 2, மாலை 4.30. குடிசைக்குள் மைனஸ் 12.

நேற்று துளையின் அந்த ஓரத்தில் ஸ்டனிஸ் உட்கார்ந்திருந்தார்.

நனைந்திருந்தார். தண்ணீர் சொட்டியது, தரையில் விழுந்த இடம் உறையவில்லை. களைப்பு, இருட்டு, தனிமை, மண்ணெண்ணெய்ப் புகை. நான்கு காரணம் எழுதியாகிவிட்டது. கயிற்றைத் தட்டும் நேரம் வந்தது, தட்டினேன். திரும்பினால் இல்லை.

செப்டம்பர் 13, மாலை 5.00

தினமும் வருகிறார். குளிர்கிறது என்கிறார். இன்னும் கொஞ்ச நாள்தான், விமானம் வரும் என்கிறேன். யாருக்காக வைத்திருக்கிறீர்கள் மேடம் என்று கேட்டார். ஆராய்ச்சிக்காக என்றேன். சிரித்தார், அந்தப் பழைய சிரிப்பு.

வேலாயுதம் இன்று அழைத்தார்:

"மேடம், குரல் சரியில்லையே. பெரிய குடிசைலதான இருக்கீங்க? மேடம்? சாப்பிட்டீங்களா? யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க, பக்கத்துல?"

துண்டித்துவிட்டேன்.

செப்டம்பர் 24. நேரம் பார்க்கவில்லை.

புயல். தொலைபேசி மின்கலம் செத்துவிட்டது. கடைசி டின் மண்ணெண்ணெய். பெரிய குடிசை நூறு தப்படி தூரத்தில் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு அங்கே போனால் நான் பிழைத்துவிடுவேன். கயிறு போய்விடும்.

போகவில்லை. குழாய்க்காக என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையை எழுதுகிறேன். பெரிய குடிசையில் அவர் வரமாட்டார்.

கை விரல் இரண்டு கறுத்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.

தேதி தெரியவில்லை

அடுப்பு அணைந்தது. துளையில் தோல் கட்டுகிறது. உடைக்கிறேன், மறுபடி கட்டுகிறது.

எனக்குக் குளிர் விட்டுவிட்டது. மேல்சட்டையைக் கழற்றிவிட்டேன். அவருக்குத்தான் குளிர்கிறது. சட்டையை அவர் மேல் போர்த்தினேன், தரையில் விழுந்துவிட்டது.

கண்டெடுப்பவருக்கு. கயிறு கிழக்குச் சுவர் ஆணியில். மெதுவாக இழுக்கவும். குலுக்க வேண்டாம். கையில் சாம்பல், மாவு, எதுவும் இருக்கக்கூடாது. உயிரோடுதான் இருக்கிறது. நான் பார்த்தேன். யாரிடம் ஒப்படைப்பது என்று எழுத வேண்டும். யாரிடம்

விட்டுவிடுங்கள் மேடம் என்கிறார். கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதோ, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஜெசிந்தாவிடம் குழாய் இருப்பதைச் சொல்லிவிடாதீர்கள்.

சொன்னால் அவர் அங்கே போய்விடுவார்.